தோலைச் சாட்சி கேட்ட வைத்தியர் யோசப் யாடசோன்

எம்மூரில் ஒருவருக்குக் கையிலோ காலிலோ கரப்பான் கண்டுவிட்டால் முதலில் விசாரணைக்கு வருவது அவருடைய சாப்பாட்டுக் கோப்பைதான். இறால் தின்றாயா, கத்தரிக்காய் தின்றாயா, சூரை மீன் தின்றாயா என்று வீட்டார் கேட்பர். அயலார் கேட்பர். கல்யாண வீட்டில் கண்ட தூரத்து உறவினரும் கேட்பர். கேட்டவையெல்லாம் கிரந்தி என்று தீர்ப்பாகி ஒவ்வொன்றாக விலக்கப்படும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் ஏழைக் குடும்பம் ஒன்றின் அடுப்பிலிருந்து மீனை விலக்கிவிட்டால் பிள்ளைக்குச் சோற்றோடு கொடுக்க மிஞ்சுவது யாது? பிள்ளை மெலியும், கரப்பானோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மிஷன் பாடசாலையில் படித்த காலத்தில் யோபு என்பவரின் சரித்திரம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை கொடிய பருக்கள் கண்டு, ஓட்டுத் துண்டினால் உடம்பைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் இருந்த மனிதர் அவர். ஆறுதல் கூற வந்த நண்பர்கள் மூவரும் நீ செய்த பாவமே இதற்குக் காரணம் என்று வாதாடினார்கள். நம்மவர் பழவினை என்பர். தோலில் வரும் நோய் பிறர் கண்ணுக்குத் தெரிவதனாலேயே, அதைக் கண்டவரெல்லாம் காரணஞ் சொல்லும் உரிமை பெற்றவராகிவிடுகின்றனர் போலும்.

இவ்வாறு ஊகத்தினால் குற்றஞ் சாட்டுவதை விட்டு, ஐயத்துக்குரிய பொருளையே தோலின்மேல் வைத்து, பொறுத்திருந்து, தோல் தரும் விடையைக் கண்ணால் வாசிக்கலாம் என்று காட்டியவர் யோசப் யாடசோன் என்னும் ஜேர்மனிய யூத வைத்தியர். தோல்நோய் வைத்தியருள் அவர் பெயரை அறியாதார் இலர். நம்மவருள் அறிந்தார் மிகச் சிலர். ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

யாடசோன் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10ஆந் திகதி சிலீசியா மாகாணத்து லீக்னிற்ஸ் பட்டினத்தில் பிறந்தார். அந்நாளில் அது பிரசிய இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. இன்று லெக்னிற்சா என்ற பெயருடன் போலந்து நாட்டில் இருக்கின்றது. கெற்றிங்கன், பிரெஸ்லோ, ஹைடல்பேர்க், லைப்சிக் ஆகிய சர்வகலாசாலைகளில் வைத்தியம் பயின்றார். ஒரே மனிதர் நான்கு கலாசாலைகளிற் படிப்பதா என்று கேட்கத் தோன்றும். அக்காலத்து ஜேர்மன் மாணவர், நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவர். விடுதியில் ஒரு கட்டில் கிடைத்துவிட்டால் பட்டம் வாங்கும்வரை அதை விட்டு அசையாத எம்போன்ற மாணவருக்கு அது பொறாமையைத் தருவதே.

பட்டம் பெற்றபின் பிரெஸ்லோ நகரில் பேராசிரியர் அல்பேட் நைசரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நைசர் 1879இல் மேகவெட்டை நோயின் கிருமியைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். அவருடைய புகழில் ஒரு கறையும் உண்டு. 1892இல் அவர் சிபிலிசு என்னும் மேகநோய் கொண்டாரின் இரத்தநீரை, அந்நோயில்லாத இளம் பெண்கள் சிலருக்கு அவர்கள் அறியாமலும் சம்மதியாமலும் ஏற்றினார். அப்பெண்களுட் பலர் விலைமாதர்; கேட்பாரற்றவர். பின்னர் இச்செய்தி வெளிப்பட்டுப் பெருங் கிளர்ச்சியாகி, நைசர் தண்டப்பணம் கட்ட நேர்ந்தது. 1900ஆம் ஆண்டில் பிரசிய அரசாங்கம், நோயாளிக்கு விளக்கிக் கூறி அவர் சம்மதத்தைப் பெறாமல் இத்தகைய சோதனைகளைச் செய்தலாகாது என்று வைத்தியசாலைகளுக்குக் கட்டளை பிறப்பித்தது. மனிதர் தோலின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் கலையின் வரலாற்றைச் சொல்லும்போது இதனை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. பெரியார் சரித்திரங்களில் நாம் இவ்வாறானவற்றைத் தாண்டிப் போய்விடும் வழக்கம் நல்லதன்று என்பது என் எண்ணம்.

1892இல் யாடசோன் பிரெஸ்லோவிலே சகல பரிசுத்தவான்கள் வைத்தியசாலை என்னும் பழைய ஆஸ்பத்திரியின் தோல்நோய்ப் பகுதிக்குத் தலைவரானார். அவர் பெயரை நிலைநிறுத்திய சம்பவம் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. அதை விளங்கிக்கொள்ள அக்கால வைத்தியத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

அந்நாளில் மேகநோய்க்கு வைத்தியர் கையிலிருந்த பெரிய ஆயுதம் இரசம், அஃதாவது பாதரசம். நமது சித்த வைத்தியர்களும் இரசத்தை நெடுங்காலம் கையாண்டவர்களே. ஐரோப்பாவில் இரசத்தைக் கொழுப்புடன் அரைத்துச் சாம்பல் நிறக் களிம்பாக்கி உடம்பில் தேய்ப்பர். பேன் முதலியவற்றைக் கொல்லவும் அதையே பூசுவர். பூசிக்கொண்டவருள் மிகப் பெரும்பாலானோருக்குத் தோலில் ஒரு தீங்கும் வராது. ஆனால் எங்கோ ஒருவருக்கு மட்டும் பூசிய இடஞ் சிவந்து, தடித்து, நீர் கசிந்து, தினவெடுத்துக் கரப்பானாகிவிடும். ஏன் இவருக்கு மட்டும்? களிம்பிலிருந்த கொழுப்பு கெட்டுப்போயிற்றா? தேய்த்த கை அழுத்தித் தேய்த்ததா? வியர்வையா? உள்ளே இருக்கும் நோய்தான் வெளியே வருகின்றதா? அவரவர் தமக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். நம் கிரந்திக் கதை போலத்தான் அதுவும்.

யாடசோன் ஊகஞ் சொல்லவில்லை. அவ்வாறு இரசத்தினால் துன்பப்பட்ட ஒரு நோயாளியின் தோல் ஆறியபின், அவருடைய ஒரு மேற்கையில் இரசம் சேர்ந்த பிளாஸ்ரரில் சிறு துண்டொன்றை ஒட்டினார். மற்றக் கையில் இரசம் சேராத வேறொரு பிளாஸ்ரரில் அதே அளவான துண்டை ஒட்டினார். ஒருநாள் கழிந்தபின் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். இரசம் இல்லாத கை வெறுமையாக இருந்தது. இரசம் இருந்த கையிலோ பிளாஸ்ரர் கிடந்த இடம் மாத்திரம், அதன் ஓரங்களை யாரோ கோடு கீறி அடையாளமிட்டாற்போல, சிவந்து கரப்பானாகியிருந்தது.

இதிலே கவனிக்க வேண்டியது அந்த மற்றக் கை. இரச பிளாஸ்ரரை மட்டும் ஒட்டியிருந்தால், எதை ஒட்டினாலும் இம்மனிதருக்கு இப்படித்தான் வரும் என்று ஒருவர் எதிர்வாதம் பேசலாம். அந்த வாதத்துக்கு இடமில்லாமற் செய்தது வெறுமையாயிருந்த கையே. குற்றவாளியையும் குற்றமற்றவனையும் ஒரே வேளையில் ஒரே நீதிபதிக்கு முன்னே நிறுத்தியது போன்றது அது. 1895ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிற் கூடிய ஜேர்மன் தோல்நோய் வைத்தியர் சங்கத்தின் ஐந்தாவது மகாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். ஒட்டுச் சோதனை என்று நாம் சொல்லக்கூடிய முறை வைத்திய உலகிற் பிறந்தது அன்றே என்று கொள்வர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

முன்னர் எவரும் இவ்வாறு செய்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. 1847இலேயே ஸ்ரேடலர் என்னும் ஜேர்மன் இரசாயனவாதி மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டு எண்ணெயை மனிதர் தோலில் ஒற்றுத்தாள் கொண்டு வைத்து, அது கொப்புளம் எழுப்புவதைக் காட்டியிருக்கின்றார். மரமுந்திரிகையை நாம் அறிவோம். பச்சைக் கொட்டையைச் சுட்டுடைக்கும் சிறுவரின் உதடும் விரலும் புண்ணாவதை மன்னார்க் கரையிலும் புத்தளப் பக்கத்திலும் காணாதார் யார்? அதே குடும்பத்தைச் சேர்ந்தது சேங்கொட்டை. இந்தியாவில் வண்ணார் துணிக்கு அடையாளமிடும் மை அதிலிருந்து எடுத்ததே. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் போர்வீரரின் கழுத்திலும் இடுப்பிலும் காரணந் தெரியாத கரப்பான் கண்டது. துணியில் வண்ணார் இட்ட சேங்கொட்டை அடையாளமே அதற்குக் காரணம் என்று 1943இல் வைத்தியர்கள் எழுதினார்கள். யாடசோனுக்கு முன்னிருந்தவர்கள் ஒரு பொருள் தோலைக் கெடுக்கும் என்று காட்டினார்கள். யாடசோனோ அதே பொருள் பலரை ஒன்றுஞ் செய்யாமல் ஒருவரை மட்டும் வருத்தும் என்பதையும், அந்த ஒருவர் இன்னார் என்பதைச் சோதித்து அறியலாம் என்பதையும் காட்டினார். இரண்டும் ஒன்றல்ல.

அதற்குக் காரணம் யாதென்று அவருக்குத் தெரியாது. அக்காலத்தில் எவருக்குந் தெரியாது. ஒவ்வாமை என்று நாம் இன்று வழங்கும் கருத்துக்கே அப்போது பெயர் இருக்கவில்லை. அலேர்ஜி என்னும் சொல்லை வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமன்ஸ் பொன் பிர்க்கே 1906இலேதான் ஆக்கினார். ஒட்டுச் சோதனையில் வரும் வீக்கத்துக்குக் காரணம் இரத்தநீரன்று, இரத்தத்திலுள்ள வெள்ளை உயிரணுக்களே என்பதை 1942இல் லாண்ட்ஸ்ரைனரும் சேஸும் சீமைப் பெருச்சாளிகளைக் கொண்டு காட்டினர். ஒரு பொருள் முதன்முறை தோலிற் படும்போது பெரும்பாலும் ஒன்றும் நிகழாது. உடம்பிலுள்ள அவ்வணுக்களுட் சில அதனை நினைவில் வைத்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வாரஞ் செல்லும். சிலருக்குப் பல ஆண்டுகள் பழகிய பின்பே அந்நிலை வரும். அதன்பின் அதே பொருள் மீண்டும் பட்டால் ஒன்றிரண்டு நாளில் அவை திரண்டு வந்து தோலை வீங்கச் செய்யும். பத்து வருடமாக இதையே பூசுகிறேன், ஒன்றுஞ் செய்யவில்லையே என்று நம்மவர் சொல்லும் வாதம் இதனால் வலிமையிழக்கின்றது.

1896இல் யாடசோன் சுவிற்சர்லாந்தின் பேர்ண் சர்வகலாசாலைக்கு அழைக்கப்பட்டு, 1917 வரை இருபத்தொரு வருடம் அங்கே பணிபுரிந்தார். இக்காலத்தில் அவர் கண்டறிந்து எழுதிய தோல்நோய்கள் பல. அவருடைய பெயரையே தாங்கி நிற்கும் நோய்களும் உள. குஷ்டநோயின் ஒரு வகையைத் தோலின் நுண்ணமைப்புக் கொண்டு 1898இல் அவர் விளக்கியதை மட்டும் இங்கே குறிப்பிடலாம். ஒரே கிருமி ஒருவர் உடலில் எங்கும் பரவுவதும், மற்றொருவர் உடலில் ஓரிடத்தில் அடங்கி நிற்பதும் உடம்பு கொடுக்கும் எதிர்ப்பைப் பொறுத்தது என்ற எண்ணம் அதில் அடங்கியிருந்தது. மட்டக்களப்பு மாந்தீவில் குஷ்டநோயாளரைக் கொண்டுபோய் ஒதுக்கிவைத்த வரலாற்றை அறிந்த எமக்கு அது தொலைதூரத்துச் செய்தியன்று.

பேர்ணில் அவரிடம் பயின்றவருள் புரூனோ புளொக் தலைசிறந்தவர். பின்னர் பாசெல் நகரிலும் சூரிச் நகரிலும் பேராசிரியராகிய புளொக், ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டியதை எவருஞ் செய்யத்தக்க ஒழுங்கான முறையாக்கினார். எந்தப் பொருளை எவ்வளவு செறிவில் வைப்பது, எத்தனை மணி நேரம் விடுவது, சிவப்பையும் தடிப்பையும் கொப்புளத்தையும் எவ்வாறு படிப்படியாக மதிப்பிடுவது என்பவற்றையெல்லாம் அவர் வகுத்தார். பிரிமுலா என்னும் பூச்செடியின் சாற்றைச் செறிவாக்கித் தோலிற் பூசி, முன்பு அதனால் துன்புறாத ஆட்களையும் துன்புறச் செய்யலாம் என்று 1926இல் அவர் காட்டினார். இந்நோய் பிறவியிலேயே சிலருக்கு எழுதிவைத்த எழுத்து மாத்திரமன்று, பழக்கத்தாலும் வருவது என்பது அதனால் தெளிவாயிற்று. விதியென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியொன்று அடைபட்டது!

இன்னொரு தோற் சோதனையும் உண்டு. அதனை இதனோடு குழப்பிக்கொள்வோர் பலர். இங்கிலாந்தில் மஞ்செஸ்ரர் நகர வைத்தியர் சார்ல்ஸ் பிளாக்லி, புல்லின் பூந்தூள் பறக்கும் காலத்தில் தமக்கு வரும் தும்மலுக்குக் காரணந் தேடி, தம் தோலைச் சிறிது சுரண்டி அதில் அந்தத் தூளை வைத்துப் பார்த்தார். பட்டங்களைப் பறக்கவிட்டு உயரத்துக் காற்றிலும் பூந்தூள் உண்டோ என்று தேடிய விசித்திர மனிதர் அவர். அவரது நூல் 1873இல் வெளிவந்தது. அவ்வழி வந்ததே இன்று ஊசிமுனையால் இலேசாகக் குத்திச் செய்யும் சோதனை. அதற்கு விடை பதினைந்து இருபது நிமிடத்திலே தடிப்பாக வந்துவிடும். தும்மல், இழுப்பு, தின்றவுடன் உதடு வீங்குதல் ஆகியவற்றுக்கு அது உதவும். தோலிற் பட்ட பொருளால் நாட்கள் சென்று வரும் கரப்பானுக்கு உதவுவது யாடசோனின் ஒட்டுச் சோதனையே.

குழந்தைகளுக்கு வரும் பரம்பரைக் கரப்பான் விஷயத்தில் இந்த வேற்றுமை உயிர்நாடியானது. அக்குழந்தைகளுக்கு ஊசிமுனைச் சோதனை செய்தால் பாலுக்கும் முட்டைக்கும் மீனுக்கும் தடிப்பு எழக்கூடும். தடிப்பு எழுந்ததனால் மட்டும் அவ்வுணவே கரப்பானுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. தின்ற பிள்ளைக்கு உண்மையில் தீங்கு வருகின்றதா என்பதையும் வைத்தியர் பார்த்தாக வேண்டும். சிறு பிள்ளைகளுட் சிலருக்கு உணவு காரணமாவதும் உண்டு, இல்லையென்று சொல்வாரில்லை. ஆனால் தாளில் எழுதிய முடிவை மட்டும் பார்த்து ஐந்தாறு உணவுகளை நிறுத்திவிட்டால், கரப்பான் போகாமல் பிள்ளையின் வளர்ச்சி போய்விடும். முன்பு தின்று ஒன்றும் ஆகாதிருந்த உணவை நெடுநாள் நிறுத்திப் பின் கொடுக்கும்போது கடுமையான ஒவ்வாமை கண்ட குழந்தைகளும் உளர். அயல்வீட்டுக் கிழவியின் கிரந்திப் பட்டியலுக்குப் பதிலாகச் சோதனைச்சாலையின் கிரந்திப் பட்டியல் வந்துவிட்டால் நமக்கென்ன இலாபம்?

1916இல் நைசர் காலமாக, மறுவருடம் யாடசோன் தம் ஆசிரியரின் ஆசனத்துக்கே பிரெஸ்லோ திரும்பினார். உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யுத்தத்தின் பின் அவருடைய வைத்தியசாலைக்குப் பல தேசங்களிலிருந்தும் இளம் வைத்தியர் வந்து பயின்றனர். 1927 முதல் அவரைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய தோல்நோய், மேகநோய்ப் பேரகராதி இருபத்துமூன்று தொகுதிகளாக வளர்ந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த மரியன் சல்ஸ்பேர்கர் என்பவர் சூரிச்சில் புளொக்கிடமும் பிரெஸ்லோவில் யாடசோனிடமும் பயின்று, ஊர் திரும்பி 1931இல் ஒட்டுச் சோதனையை அமெரிக்க வைத்தியருக்கு அறிமுகஞ் செய்தார். டென்மார்க்கில் பொனவீ என்பவர், கரப்பானுக்கு அடிக்கடி காரணமாகும் இருபத்தொரு பொருள்களைத் தெரிந்தெடுத்து 1939இல் ஒரு பட்டியலாக்கினார். வைத்தியர் தம் மனம்போனபடி எதையோ ஒட்டிப் பார்க்காமல் எல்லாரும் ஒரே வரிசையை ஒட்டிப் பார்க்கும் வழக்கம் அதனால் உண்டாயிற்று. இந்தியாவிலும் அந்நாட்டுக்கேற்ற வரிசை ஒன்று இன்று உண்டு.

அந்த வரிசையிலுள்ள பொருள்களைப் பார்த்தால் அவை நம் வீட்டிலும் தெருவிலும் இருப்பவையே. நிக்கல் என்னும் உலோகம் மலிவான காதணியிலும் மணிக்கூட்டுப் பட்டியிலும் இடுப்புப்பட்டிக் கொளுக்கியிலும் உண்டு. நரைக்குப் பூசும் கறுப்புச் சாயத்தில் உள்ள ஒரு பொருளால் நெற்றியும் கண்ணிமையும் வீங்கும். பூசியவரோ சாயத்தைச் சந்தேகியாமல் முதல்நாள் தின்ற நண்டைச் சந்தேகிப்பார். றப்பர்ச் செருப்பு அணிவோரின் பாதத்தில் வார் பட்ட இடம் மட்டும் கரப்பானாவது றப்பரைப் பதப்படுத்தும் இரசாயனங்களால்.

குங்குமத்தைப் பற்றி எழுதச் சிறிது தயக்கமாகவே இருக்கின்றது. ஆயினும் இந்து வாலிபர் சங்க மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு ஆக்கிய பழைய குங்குமம் வேறு. கடையில் விற்கும் செயற்கைச் சாயங் கலந்த தூள் வேறு. பின்னதனால் நெற்றியில் தினவும் கரும்படையும் காணும் பெண்கள் உளர் என்பதை இந்தியாவில் ஒட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ஒரு பொருளால் பொட்டு இருந்த இடம் வெண்மையாகிவிடுவதும் உண்டு. அதைக் கண்டு வெண்குஷ்டம் என்று பேசி, ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடக் கூடிய சமூகம் நம்முடையது. பொட்டு வேறு, பசை வேறு என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அவளுடைய வாழ்வும் தப்பும், அவள் நெற்றியும் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. நல்ல மஞ்சட் குங்குமத்தையோ சந்தனத்தையோ இட்டுப் பார்க்கலாம். அவையும் ஒத்துக்கொள்கின்றனவா என்று தோலைத்தான் கேட்க வேண்டும்.

நமது பகுதிக்கு மிக நெருங்கிய மற்றொன்று சீமெந்து. 2009இல் யுத்தம் முடிந்தபின் மன்னார்ப் பெருநிலத்திலும் வன்னியிலும் வீடு கட்டும் வேலை எங்கும் நடந்தது. நானாட்டானிலும் அடம்பனிலும் முருங்கனிலும் கொத்தன் வேலைக்குச் சென்ற வாலிபர் அநேகர். ஈரச் சீமெந்து காரமுடையது. எவர் கையையும் அரிக்கும். அது ஒருவகை. சீமெந்தில் நுண்ணிய அளவிலுள்ள குரோமியம் என்னும் உலோகச் சேர்க்கைக்கு ஒவ்வாமை கொள்வது மற்றொருவகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதல் வகையாயின் கையுறையும் எண்ணெயும் ஓய்வும் போதுமாகலாம். இரண்டாம் வகையாயின் அம்மனிதர் தொழிலையே மாற்றவேண்டி வரலாம். ஒரு குடும்பத்தின் சீவனோபாயம் தங்கியிருக்கும் இவ்விடயத்தை ஊகத்துக்கு விடலாமா? டென்மார்க்கில் 1983இல் சட்டமியற்றி, சீமெந்தில் இரும்புச் சல்பேற்றைக் கலந்து அக்குரோமியத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அதன்பின் அங்கே கட்டட வேலையாளரிடம் இவ்வொவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஒரு மனிதரின் முதுகில் ஒட்டிய சோதனை ஒரு தேசத்தின் சட்டமாயிற்று என்பது இதுதான்.

பார்த்தீனியம் என்னும் களையும் அவ்வாறே. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது 1950களில் பூனா நகரில் கண்டறியப்பட்டு இந்தியா முழுதும் பரவியது. இலங்கையின் வடபகுதிக்கு 1980களின் பிற்பகுதியில் இந்திய இராணுவம் வந்த காலத்தில் வந்து சேர்ந்ததென்று சொல்வர். அதன் துகள் காற்றிற் பறந்து முகத்திலும் கண்ணிமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படிந்து கரப்பானை உண்டாக்கும். தோட்டத்திலும் வயலிலும் நிற்கும் ஆண்களே பெரும்பாலும் அகப்படுவர். வெயிலால் வந்தது என்று எண்ணிக் குடை பிடித்துப் பயனில்லை. வெறுங் கையாற் பிடுங்குவதும் ஆகாது.

யாடசோனின் முதல் நோயாளிகளை வருத்தியது மருந்துதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இன்றும் அக்கதை தொடர்கின்றது. புண்ணுக்கென்று கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் நியோமைசின் சேர்ந்த களிம்புகளுக்குப் பலர் ஒவ்வாமை கொள்கின்றனர். களிம்பு புண்ணை வளர்க்கும். புண் வளர்கிறதே என்று இன்னுங் களிம்பு பூசுவர்.

சோதனை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகின்றேன். முதுகின் மேற்பகுதியில், ஒவ்வொரு பொருளும் வசலின் போன்றதொன்றில் அளவாகக் கலக்கப்பட்டு, சிறு குழிகளில் இடப்பட்டு, ஒட்டுத்தாளால் வரிசையாக ஒட்டப்படும். நாற்பத்தெட்டு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். முதுகில் நீர் படலாகாது. கடும் வேலை செய்து வியர்க்கலாகாது. எடுத்தபின் ஒருமுறையும், மேலும் ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பர். இரண்டாம் முறைக்குப் போகாமல் விட்டால் தாமதமாக எழும் விடை தவறிப்போகும். மன்னார்த் தீவின் சித்திரை வெக்கையில் இரண்டு நாள் முதுகு கழுவாமல் இருப்பது இலேசான காரியமன்று. சோழகம் வீசும் காலத்திலும் உப்பும் புழுதியும் சேர்ந்து துன்பந் தரும். மார்கழி, தை மாதங்களில் செய்துகொள்வது வசதியெனத் தோன்றுகின்றது. கரப்பான் உடம்பெங்கும் கொதித்துக்கொண்டிருக்கும் வேளையிலும், சில வலிய மாத்திரைகளை உட்கொள்ளும் வேளையிலும் சோதனை பிழைபடும். ஆதலின் தோல்நோய் நிபுணரே காலத்தைக் குறிக்க வேண்டும். வீட்டிலே சீமெந்தையும் தலைச்சாயத்தையும் முதுகில் அப்பிப் பார்க்கும் வீரத்தை வாலிப நண்பர்கள் எவரும் காட்டவேண்டாம். செறிவு தெரியாமல் வைத்தால் எவர் தோலும் வெந்துபோகும்.

சிவந்த இடமெல்லாம் குற்றவாளியும் அன்று. நிக்கலுக்கு முதுகு சிவந்த ஒருவரின் காற்கரப்பானுக்கு நிக்கல் காரணமாகாதிருக்கலாம். அவர் எதை அணிகிறார், என்ன வேலை செய்கிறார், எங்கே கரப்பான் தொடங்கியது என்று வைத்தியர் கேட்டுக் கேட்டுப் பொருத்திப் பார்த்த பின்பே தீர்ப்பு. தோல் சாட்சிதான், நீதிபதி அன்று.

1931இல் யாடசோன் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சியைப் பிடித்தார். அவ்வாண்டு ஏப்பிரலிலேயே யூதரை அரசாங்க உத்தியோகங்களிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அந்நாளில் ஜேர்மனியின் தோல்நோய் வைத்தியருள் ஏறக்குறைய நாலில் ஒருவர் யூதர். தேசத்தின் உடம்பைக் கெடுக்கும் நஞ்சு என்று ஓர் இனத்தையே சுட்டி, எந்தச் சோதனையும் இன்றி, ஊர்தோறும் ஒலிபெருக்கி வைத்துப் பறைசாற்றினார்கள். கிரந்தி என்று ஒரு கறியை விலக்குவதற்கே இரண்டு நாட் பொறுத்துப் பார்க்கச் சொன்ன மனிதர் அதனைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. அவருடைய மாணாக்கர் பலர் பதவியிழந்து நாடு நாடாகச் சிதறினர். பிரெஸ்லோவில் அவர் ஆசனத்துக்கு வந்திருந்த மக்ஸ் யெஸ்னரும் நீக்கப்பட்டார். கறுப்பு யூலையையும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் கண்ட குடும்பங்களில் பிறந்த நமக்கு, வாழ்நாள் முழுதும் உழைத்த ஊரை முதுமையில் விட்டுப் போவது எத்தகையது என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

யாடசோன் தாம் இளமையில் பணிபுரிந்த சுவிற்சர்லாந்துக்கே சென்றார். சூரிச் நகரில் 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி, தமது எழுபத்திரண்டாவது வயதில் காலமானார். அவருடைய அன்புக்குரிய மாணாக்கர் புளொக் மூன்று வருடத்துக்கு முன்னரே அதே நகரில் இறந்துவிட்டார். பேரகராதியின் கடைசிப் பகுதிகள் யாடசோன் மறைந்தபின்பே வெளிவந்தன. மகன் வேர்னர் யாடசோனும் தந்தையின் துறையையே கைக்கொண்டு ஜெனீவா சர்வகலாசாலையில் தோல்நோய்ப் பேராசிரியராயிருந்தார். பிரெஸ்லோ நகரம் 1945இல் யுத்தத்தில் பெரும்பாலும் இடிந்து, பின் போலந்தைச் சேர்ந்து விறொற்ஸ்வாவ் என்று பெயர் மாறியது.